செவ்வாயில் ஓடிய ஆறு

ஓம் சரவணபவ!



வழக்கமா செவ்வாய்க்கிழமையில ஒரு தலத்தைப் பத்தியோ, விரத முறையைப் பத்தியோ பேசுவோம். இன்னைக்கு அந்தக் கிழமைக்குப் பேர் கொடுத்த செவ்வாயைப் பத்தியே பேசலாம்னு இருக்கேன். ஜாதகக் கட்டத்துக்குள்ள உட்கார்ந்து உங்களைப் பயமுறுத்துற செவ்வாய் இல்ல. மொட்டை மாடியில நின்னு நிமிர்ந்து பார்த்தா, அது தெரியுற மாசங்கள்ல, செம்பு நிறத்துல ஒரு புள்ளியா நின்னு எரியுமே, அந்தச் செவ்வாய்.

பழந்தமிழில் 'சேய்' என்று ஒரு சொல் உண்டு. அது முருகனையும் குறிக்கும், செவ்வாய்க் கோளையும் குறிக்கும். இரண்டுக்கும் பொது அந்தச் செந்நிறம். செவ்வாய்க்கு அதிதேவதை முருகன் என்பது நம் வழக்கம். அங்காரகனைக் கும்பிட வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்கள், அங்கே செல்வமுத்துக்குமாரசுவாமி சந்நிதியில் நிற்காமல் திரும்புவதில்லை.

நம்ம அப்பனுக்குரிய அந்தக் கோளுக்கு, ஐம்பது வருஷத்துக்கு மேலா மனுஷன் இயந்திரங்களை அனுப்பிக்கிட்டு இருக்கான். அதுங்க அங்க போய் முக்கியமா தேடினது ஒண்ணுதான். தண்ணி. இப்போ அங்க ஓடுற தண்ணி கிடையாது. எப்பவோ ஓடின தண்ணியோட தடம். அந்தத் தேடல்ல நம்ம பக்திக்கும் ஒரு பாடம் இருக்கு. ஏன் இப்போ இதைச் சொல்றேன்னு முதல்ல சொல்லிடறேன்.

ஒரு தம்பியின் கேள்வி

ஒரு தம்பி எழுதியிருந்தார். பேர் வேண்டாம். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்திருக்கார். காலையில குளிச்சு, நெய் விளக்கு ஏத்தி, கவசம் படிச்சு, ஒரு வேளைச் சாப்பாடு. ஒரு நாள் தவறல. நாற்பத்தொன்பதாவது நாள் அம்மா போயிட்டாங்க.

"அதுக்கப்புறம் சாமி படத்துக்கு முன்னாடி நின்னா உள்ள ஒண்ணுமே வரலை. கோபம்கூட வரலை. காஞ்சு போன மாதிரி இருக்கு. முன்னாடி அழுகையே வரும். இப்போ கை கூப்புறேன், அவ்வளவுதான். நான் முருகனை விட்டுட்டேனா, இல்ல அவன் என்னை விட்டுட்டானா?"

இதே கேள்வியை வேற வேற வார்த்தையில நிறைய பேர் கேட்கறீங்க. பரீட்சையில தோத்தவங்க, வேலை போனவங்க, கல்யாணம் தட்டிப் போனவங்க. சில பேருக்குக் காரணமே இருக்காது. ஒரு நாள் எழுந்து பார்த்தா உள்ள வறண்டிருக்கும். அவங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

இன்றைய செவ்வாய்

இன்றைக்குச் செவ்வாய் எப்படி இருக்கிறது? சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி அளவில். காற்று உண்டு, ஆனால் அதன் அழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் 95 சதவீதம் கரியமில வாயு. ஒரு டம்ளர் தண்ணீரை அங்கே மண்ணில் ஊற்றினால், ஒரு பக்கம் கொதித்து ஆவியாகும், இன்னொரு பக்கம் உறைந்து போகும். தண்ணீராக நிற்காது. மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் சிவப்பு. அங்கே சூரியன் மறையும்போது, அதைச் சுற்றி வானம் நீலமாகத் தெரியும்.

இதையெல்லாம் நமக்கு அன்றாடம் எழுதி அனுப்புவது இயந்திரங்கள்தான். கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் என்ற இரண்டு உலவு வண்டிகளிலும் வானிலைக் கருவிகள் உண்டு. அழுத்தம், ஈரப்பதம், வெப்பம், புழுதி எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருக்கும்.

அந்த அளவுகளை மட்டும் வெச்சுப் பார்த்தா என்ன சொல்லத் தோணும்? 'இது செத்த மண்ணு. இங்க எந்தக் காலத்திலயும் ஒரு சொட்டுத் தண்ணி இருந்திருக்காது.' அந்தத் தம்பி தன் மனசைப் பத்திச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

புழுதி அடங்கும் வரை

1971 நவம்பர் 14. அமெரிக்காவின் மரினர் 9 விண்கலம் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. பூமியைத் தவிர வேறொரு கோளைச் சுற்றி வந்த முதல் விண்கலம் அதுதான். எத்தனையோ பேரின் பல வருட உழைப்பு. கேமராவைத் திருப்பிப் பார்த்தால், ஒன்றும் தெரியவில்லை. கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. புழுதிக்கு மேலே சில மலைகளின் உச்சி மட்டும் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன.

அதே சமயத்தில் சோவியத் நாட்டின் மார்ஸ் 2, மார்ஸ் 3 என்ற இரண்டு விண்கலங்களும் போய்ச் சேர்ந்தன. தரையிறங்க வேண்டிய நேரம் அவற்றில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. காத்திருக்கச் சொல்ல வழியில்லை. அந்தப் புழுதிக்குள்ளேயே இறங்கின. ஒன்று மோதி நொறுங்கியது. இன்னொன்று பத்திரமாக இறங்கியது, ஆனால் சில விநாடிகளிலேயே அதன் குரல் நின்றுபோனது.

மரினர் 9-க்குக் காத்திருக்கச் சொல்ல முடிந்தது. சொன்னார்கள். அதுவும் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. 1972 ஜனவரியில் புழுதி படிய ஆரம்பித்தது. அப்புறம் வந்த படங்களைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். மாபெரும் எரிமலைகள். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு. அதோடு, கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் வறண்ட ஆற்றுத் தடங்கள்.

புழுதி மூடியிருந்த நாள்லயும் அந்த ஆற்றுத் தடம் அங்கேயேதான் இருந்துச்சு. கேமராவுக்குத்தான் தெரியல.

ஒரு சாவு நடந்த வீட்டுல, ஒரு பெரிய தோல்விக்குப் பிறகு, மனசைப் பூராவும் புழுதி மூடும். அந்த நேரத்துல உள்ள எட்டிப் பார்த்துட்டு, 'எனக்கு பக்தி இல்ல, நான் நாத்திகன் ஆயிட்டேன், இனிமே கோயில் வாசலை மிதிக்க மாட்டேன்'னு தீர்ப்பு எழுதாதீங்க. அது புழுதியில எடுத்த படம். கொஞ்சம் சுத்திக்கிட்டே இருங்க. கோயிலுக்கு உள்ள போக மனசு வரலன்னா, கோபுரத்தை வெளியில நின்னு பார்த்துட்டு வாங்க. போதும்.

கூழாங்கல் சொன்ன சாட்சி

சரி, தடம் மட்டும் இருந்தால் போதுமா? அதில் ஓடியது தண்ணீர்தான் என்று எப்படிச் சொல்வது? எரிமலைக் குழம்பும் ஓடியிருக்கலாம் அல்லவா? கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

2012 ஆகஸ்ட் 6 அன்று, கேல் என்ற பெரும் பள்ளத்துக்குள் கியூரியாசிட்டி இறங்கியது. இறங்கிய சில வாரங்களிலேயே ஒரு பாறை கண்ணில் பட்டது. கான்கிரீட் தளம் உடைந்து தூக்கிக்கொண்டு நிற்குமே, அப்படி ஒரு பாறை. அதற்குள் சின்னச் சின்னக் கற்கள் பதிந்திருந்தன. கற்கள் உருண்டையாக, வழவழப்பாக இருந்தன.

ஆத்துல குளிச்சவங்களுக்கு இதுக்கு விளக்கம் வேண்டாம். மலையில உடையும்போது கல்லுக்கு முனை இருக்கும். தண்ணி அதை உருட்டி, ஒண்ணோட ஒண்ணு உரசி, ரொம்ப தூரம் இழுத்துக்கிட்டு வந்தாத்தான் அது கூழாங்கல் ஆகும். இந்தக் கற்கள் காற்று தூக்கிட்டு வர முடியாத அளவுக்குப் பெரிசு. அப்போ உருட்டினது தண்ணிதான்.

கற்களின் அளவையும் வடிவத்தையும் வைத்து விஞ்ஞானிகள் அந்த ஓடையையே அளந்துவிட்டார்கள். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகம். ஆழம் கணுக்காலுக்கும் இடுப்புக்கும் இடையில். அடுத்த வருடம் அதே வண்டி பக்கத்தில் ஒரு பாறையைத் துளையிட்டுப் பொடி எடுத்துப் பார்த்தது. களிமண் கனிமங்கள் இருந்தன. அங்கே ஒரு ஏரி இருந்திருக்கிறது. அதிலிருந்த தண்ணீர் அமிலமும் இல்லை, அதிக உப்பும் இல்லை. நுண்ணுயிர் வாழத் தகுந்த தண்ணீர். இதெல்லாம் 300 கோடி வருடங்களுக்கும் முந்தைய கதை.

யோசிச்சுப் பாருங்க. தண்ணி போய் 300 கோடி வருஷம் ஆச்சு. கல்லோட வடிவம் இன்னும் அதுக்குச் சாட்சி சொல்லுது.

இப்போ உங்களைக் கேட்கறேன். பைக் சறுக்கும்போது வாயில தன்னால வர்ற முதல் சொல் எது? பஸ்ல போறப்ப தூரத்துல ஒரு மலைக்கோயில் தெரிஞ்சா, செல்போன்ல இருக்கிற கை தானா நெஞ்சுக்குப் போகுதா இல்லையா? வீட்டுல விபூதித் தட்டைத் தாண்டும்போது விரல் நிக்குதா? யாராவது பசியோட இருந்தா, சாப்பிட உட்கார்ந்தவங்க ஒரு நிமிஷம் தயங்குறீங்களா? இதெல்லாம் கூழாங்கல். உள்ள ஓடின தண்ணி உருட்டி வெச்சுட்டுப் போனது. 'ஒண்ணுமே வரலை'ன்னு சொன்ன தம்பியும் கடைசி வரியில 'முருகா' போட்டுத்தான் முடிச்சிருந்தார். அவர் கவனிக்கல. நான் கவனிச்சேன்.

நொண்டிச் சக்கரம்

இதற்கு முன்னால், 2004 ஜனவரியில், ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி என்று இரட்டை வண்டிகள் செவ்வாயின் எதிரெதிர்ப் பக்கங்களில் இறங்கின. இரண்டுக்கும் குறித்த வேலை தொண்ணூறு செவ்வாய் நாட்கள்.

ஆப்பர்ச்சுனிட்டிக்கு ஆரம்பமே நல்ல ஆரம்பம். தரையில் இரும்புக் கனிமத்தாலான குட்டிக் குட்டி உருண்டைகள் சிதறிக் கிடந்தன. பாறைக்குள் நீர் ஊறி உருவானவை அவை. இறங்கிய இடத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது. ஸ்பிரிட்டுக்கு அப்படி இல்லை. இறங்கிய இடமெல்லாம் எரிமலைப் பாறை. தேடி அலைய வேண்டியிருந்தது. 2006-ல் அதன் ஆறு சக்கரங்களில் முன்பக்க வலச் சக்கரம் நின்றேபோனது. அப்புறம் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி, அந்தச் செத்த சக்கரத்தை மண்ணில் இழுத்துக்கொண்டே போனார்கள்.

2007-ல், அந்த நொண்டிச் சக்கரம் கலப்பை மாதிரி கீறிய தடத்தில் பளிச்சென்று வெள்ளையாக மண் தெரிந்தது. சோதித்தால் 90 சதவீதம் அளவுக்குச் சிலிக்கா. பூமியில் அப்படிப்பட்ட சிலிக்கா வெந்நீர் ஊற்றும் நீராவியும் வெளிவரும் இடங்களில் படியும். ஸ்பிரிட்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. ஆறு சக்கரமும் நன்றாகச் சுற்றியிருந்தால் வண்டி அந்த மண்ணின் மேல் உருண்டு போயிருக்கும். கீழே இருந்த வெள்ளை வெளியே வந்திருக்காது.

'கஷ்டம் எல்லாம் நல்லதுக்கே'ன்னு நான் சொல்ல வரல. சக்கரம் உடைஞ்சது நஷ்டம்தான். ஆனா உடைஞ்சதை வெட்டி எறியாம இழுத்துக்கிட்டே போனாங்க பாருங்க, அது முக்கியம். இழந்ததைச் சுமந்துக்கிட்டே நடக்கிறவன், நல்லா ஓடுறவன் பார்க்காத மண்ணைப் பார்ப்பான். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு, ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருக்கிற இன்னொரு பிள்ளையோட முகம் புரியும். நேத்து வரைக்கும் அது அவனுக்குத் தெரியாத மண்.

தண்ணீர் எங்கே போனது?

இவ்வளவு தண்ணீர் இருந்த கோள் ஏன் வறண்டது? இந்த விளக்கத்தைக் கவனமா படிங்க, நமக்கு வேண்டியது இதுல இருக்கு.

பூமியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் இருக்கிறது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் காற்று நம் வளிமண்டலத்தை நேரடியாகத் தாக்காமல் அது பெருமளவு தடுக்கிறது. செவ்வாய்க்கும் ஆதியில் அப்படி ஒன்று இருந்தது. ஏறக்குறைய 400 கோடி வருடங்களுக்கு முன் அது அணைந்துபோனது. அதன்பின் சூரியக் காற்று செவ்வாயின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போனது. காற்று மெலிந்ததும் தண்ணீர் நிற்க முடியவில்லை. 2014 முதல் செவ்வாயைச் சுற்றிய மேவன் என்ற விண்கலம் இதை அளந்து சொன்னது. இப்போதும் விநாடிக்கு 100 கிராம் அளவில் காற்று போய்க்கொண்டிருக்கிறது. சூரியப் புயல் அடிக்கும்போது இழப்பு இன்னும் கூடுகிறது.

விநாடிக்கு நூறு கிராம். ஒரு கைப்பிடி. அப்படிப் போய்ப் போய்த்தான் ஒரு கோளே வறண்டிருக்கு.

தேவராய சுவாமிகள் கந்த சஷ்டிக்கு ஒரு கவசம் பாடிக் கொடுத்தார். தலை முதல் பாதம் வரைக்கும் வேல் காக்கணும்னு கேட்கிற பாட்டு. 'தினமும் எதுக்கு? விசேஷ நாள்ல படிச்சா போதாதா?'ன்னு சில பேர் கேட்பீங்க. இழப்பு தினமும் நடக்குது, அதான் தினமும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ், அடுத்தவனோட ஒப்பிட்டுப் பொறாமை, ஒரு சின்னப் பொய். ஒவ்வொண்ணும் நூறு கிராம்தான். மனசு ஒரே நாள்ல வறண்டதா நாம நினைக்கிறோம். பல நேரம் கவசம் கழண்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

ஆனா கதை இதோட முடியல. எல்லாத் தண்ணீரும் விண்வெளிக்குப் போய்விடவில்லை. ஆதியில் இருந்த நீரில் ஒரு பங்கு, ஒருவேளை மிகப் பெரும் பங்கு, பாறைக் கனிமங்களுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம் என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இன்னும் ஒரு பகுதி பனிக்கட்டியாக இருக்கிறது.

அந்தப் பனியைத் தொட்டுப் பார்த்தது ஃபீனிக்ஸ் என்ற இயந்திரம். 2008 மே 25 அன்று செவ்வாயின் வடகோடியில் இறங்கி, அங்கேயே நின்று, கையால் மண்ணைத் தோண்டியது. சில அங்குல ஆழத்திலேயே வெள்ளையாகச் சில துண்டுகள். உப்பா, பனியா? நான்கு நாள் கழித்து அதே குழியைப் படம் எடுத்தால், அந்தத் துண்டுகள் காணோம். உப்பு என்றால் அங்கேயே கிடந்திருக்கும். காற்றுப் பட்டதும் ஆவியாகிப் போனதால்தான் அது பனி என்று உறுதியானது. அதே ஃபீனிக்ஸ், மேகத்திலிருந்து பனி பொழிவதையும் கண்டது. தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிட்ட பனி.

திருச்செந்தூர் போனவங்களுக்கு நாழிக்கிணறு தெரியும். ஒரு பக்கம் அலையடிக்கிற உப்புக் கடல். நாலு எட்டு வெச்சுப் படியிறங்கினா உப்புக் கரிக்காத தண்ணி. நிக்கிற இடம் எப்படி இருக்குன்னு பார்த்து, கீழ இருக்கிறதை முடிவு பண்ணக் கூடாதுன்னு அந்தக் கிணறு சொல்லுது. செவ்வாயும் அதையேதான் சொல்லுது.

பதில் வராத சிக்னல்

இப்போ அந்தத் தம்பியோட கேள்விக்கு வர்றேன். நேரா சொல்லிடறேன். 'விரதத்துல ஏதோ குறை, அதான் அம்மா போயிட்டாங்க'ன்னு யாராவது சொன்னா, கும்பிட்டு நகர்ந்து போயிடுங்க. அந்த நாற்பத்தெட்டு நாள்ல ஒரு குறையும் இல்ல.

ஆப்பர்ச்சுனிட்டி தொண்ணூறு நாள் வேலைக்குப் போனது. பதினாலு வருடத்துக்கு மேல் உழைத்தது. 45 கிலோமீட்டர் நடந்தது. அதன் உணவு சூரிய ஒளி. தகடுகளில் புழுதி படியும், சக்தி குறையும். 'இதோ முடிந்தது' என்று நினைக்கும்போது ஒரு காற்று வந்து புழுதியைத் துடைத்துவிட்டுப் போகும். புழுதியைக் கொண்டுவந்ததும் காற்றுதான், துடைத்ததும் காற்றுதான். இப்படிப் பல முறை பிழைத்தது.

2018-ல் மறுபடி கோள் முழுக்கப் புழுதிப் புயல். பகலே இருட்டானது. ஜூன் 10-ம் தேதியோடு அதன் சிக்னல் நின்றது. பூமியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள். எட்டு மாதம். இந்தத் தடவை துடைக்கும் காற்று வரவில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று, பணி முடிந்ததாக நாசா அறிவித்தது.

எட்டு மாசம் கூப்பிட்டும் பதில் வரல. அதனால அந்தப் பதினாலு வருஷம் பொய்யாயிடுச்சா? அது கண்டுபிடிச்ச தண்ணி இல்லாமப் போச்சா? இல்லையே. இன்னைக்கும் பாடப் புத்தகத்துல இருக்கு. 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ், ஜெசிரோ என்ற இடத்தில், ஆறு வந்து ஏரியில் கலந்த பழைய கழிமுகத்தைத் தேடி இறங்கியது. முன்னால் போனவை சேர்த்து வைத்த அறிவின் மேல் நின்றுதான் அடுத்தது அங்கே போனது.

தம்பி, உங்க அம்மாவுக்காக நீங்க கூப்பிட்ட கூப்பாட்டுக்கு நீங்க கேட்ட பதில் வரல. அந்த வலியைச் சின்னதாக்க என்கிட்ட வார்த்தை இல்ல. ஆனா நாற்பத்தெட்டு நாள் விடியக்காலையில எழுந்தது, பசியோட இருந்தது, விளக்கு வெளிச்சத்துல அம்மா பேரைச் சொன்னது, இதெல்லாம் நடந்தது. அது ஓடின ஆறு. உங்களை உருட்டிச் செதுக்கிட்டுப் போயிருக்கு. இன்னைக்கு மேல காஞ்சிருக்கு, அவ்வளவுதான். அவன் விட்டுட்டுப் போன இடத்துல இந்தத் தடம் இருக்காது.

நம்ம முருகன் பிறந்த கதையை நினைச்சுப் பாருங்க. சிவபெருமான் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த தீப்பொறிகளை அக்கினியாலும் தாங்க முடியல, வாயுவாலும் முடியல. கங்கை ஏந்திக் கொண்டுபோய்ச் சரவணப் பொய்கையில சேர்த்தாள். அங்கதான் தீ குழந்தையாச்சு. நெருப்பு நிறத்தவன் தவழ்ந்தது தண்ணியில. அவனுக்குரிய செந்நிறக் கோளுக்குள்ளயும் தண்ணி ஒளிஞ்சிருக்குன்னு படிச்சப்போ எனக்கு மெய் சிலிர்த்தது. இதை விஞ்ஞானத்துக்கு ஆதாரமா சொல்லல, சொல்லவும் கூடாது. பக்தனோட சந்தோஷம், அவ்வளவுதான்.

இன்று முதல் செய்ய மூன்று

வறட்சியில இருக்கிறவங்களுக்குப் பெரிய விரதம் எதுவும் சொல்லப் போறதில்ல. அந்த வண்டிகள்கிட்டேயிருந்து மூணு சின்ன வேலை.

முதலாவது, தினம் கொஞ்சம். பூமியிலிருந்து அனுப்பும் சிக்னல் செவ்வாய்க்குப் போய்ச் சேர 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். அதனால் வண்டியைக் கையில் பிடித்து ஓட்டுவது போல ஓட்ட முடியாது. அன்றன்றைக்கான வேலையை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். நீங்களும் காலையில ஆறெழுத்தை ஆறு தடவை சொல்லிட்டு உங்க வேலையைப் பாருங்க. உடனே ஏதாவது தோணுதான்னு உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க.

இரண்டாவது, ஒரு கூழாங்கல். ராத்திரி படுக்கும்போது, அன்னைக்கு உங்களை அறியாம அவனை நினைச்ச ஒரு நொடியையாவது தேடி எடுங்க. செல்போன்ல ஒரு வரி குறிச்சு வைங்க. ஒரு மாசம் கழிச்சு எல்லாத்தையும் சேர்த்துப் படிங்க.

மூன்றாவது, அவசரம் வேண்டாம். 2024-ல் பெர்சிவரன்ஸ் ஒரு பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற தடங்களைப் பார்த்தது. பூமியில் அத்தகைய தடங்கள் சில நேரம் நுண்ணுயிர்களால் உண்டாகும். 'உயிர் இருந்தது' என்று கத்திவிடலாம். விஞ்ஞானிகள் கத்தவில்லை. உயிரில்லாமலும் இப்படி உண்டாக வழி உண்டா என்று இன்னும் சோதிக்கிறார்கள். நமக்கும் அந்த நிதானம் வேணும். 'அற்புதம், பத்து பேருக்கு அனுப்பு'ன்னு வர்றதை நம்பி ஓடவும் வேண்டாம், 'எல்லாம் பொய்'னு ஒரே நாள்ல உதறவும் வேண்டாம்.

அடுத்த தடவை அந்தச் செம்புள்ளி வானத்துல தெரியும்போது, தோஷம்னு பயந்து கண்ணைத் திருப்பிக்காதீங்க. அங்க ஒரு காலத்துல இடுப்பளவு தண்ணி ஓடுச்சு. கல்லுக்கெல்லாம் அது ஞாபகம் இருக்கு. அதை நினைச்சு ஒரு கும்பிடு போடுங்க.

உள்ள வறண்டு போய் உட்கார்ந்திருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அவருக்கு மட்டும் இதை அனுப்புங்க. அனுப்பிட்டு, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!